கீழே கடை, மேலே வீடு

லப்பைக்குடிக்காடு என்றால் சென்னைவாசிகள் பலர், "அது எந்தப் பக்கம் சார்?" என்பார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கு ஓரம். வெள்ளாற்றுக்கு இந்தக் கரையில் லப்பைக்குடிக்காடு, அந்தக் கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பேரூராட்சி. ஊர்ப் பிள்ளைகள் கடல் கடந்து போய்ச் சம்பாதித்து அனுப்பிய பணம் இங்கே சிமென்ட்டாகவும் கம்பியாகவும் டைல்ஸாகவும் எழுந்து நிற்கிறது.

அந்தக் கட்டிடங்களின் இலக்கணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கீழே இரண்டு ஷட்டர்: ஒன்றில் மளிகை, இன்னொன்றில் செல்போன் ரிப்பேர் அல்லது பேக்கரி. பக்கவாட்டில் ஒரு சின்ன மாடிப்படி. மேலே வீடு. கடை வாடகை மாதாமாதம் வரும், அம்மாவும் பிள்ளைகளும் மேலே இருப்பார்கள், மகன் வெளிநாட்டில் இருப்பான். லப்பைக்குடிக்காடு என்று இல்லை, தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இதே காட்சிதான்.

சரி, ஒரு கேள்வி. கீழே பேக்கரியில் தீப்பிடிக்கிறது. மேலே வீடு கருகுகிறது. நஷ்டம் யாருடையது? பேக்கரிக்காரருக்கா, வீட்டுக்காரருக்கா? வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார், ஆனால் 'வீடு' என்று எழுதிக் கொடுத்து எடுத்திருக்கிறார். பணம் வருமா?

இது இன்று நேற்று முளைத்த கேள்வி இல்லை. ரொம்பப் பழசு. தீ இன்ஷூரன்ஸ் என்ற தொழிலே ஒரு பேக்கரியும் அதன் மேலே இருந்த ஒரு வீடும் எரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் பின்னே போய்விட்டு வருவோம்.

*

பழைய ரோம் நகரத்தின் அடுக்குமாடிகளுக்கு 'இன்சுலா' என்று பெயர். தரைத்தளத்தில் கடைகள், மேலே மாடி மாடியாக வாடகைக் குடித்தனங்கள். மேலே போகப் போக மரமும் நெருக்கடியும் அதிகம், வாடகை குறைவு. கி.பி. 64-ல் நீரோ காலத்தில் ரோம் எரிந்ததே, அந்தத் தீ எங்கே தொடங்கியது தெரியுமா? தேர்ப் பந்தய மைதானத்தை ஒட்டி, சுலபமாகத் தீப்பற்றும் சரக்குகள் அடைந்துகிடந்த கடைகளில். டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். நகரத்தின் 14 வட்டாரங்களில் முழுசாகத் தப்பியவை நான்கே நான்கு.

அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் முன்பு கிராசஸ் என்றொரு பெரும் பணக்காரர் ரோமில் இருந்தார். எங்காவது கட்டிடம் எரிந்தால் ஆள்களோடு போய் நிற்பாராம். பதறிக்கொண்டிருக்கும் சொந்தக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும், "என்ன விலைக்குக் கொடுக்கிறாய்?" என்று அடிமாட்டு விலை பேசுவாராம். இன்ஷூரன்ஸ் இல்லாத உலகத்தில் தீ விபத்து ஒரு ரியல் எஸ்டேட் வாய்ப்பு.

நம் பக்கத்தில் கௌடில்யர் வேறு மாதிரி யோசித்தார். அர்த்தசாஸ்திரத்தில் நகர நிர்வாகம் பற்றிய பகுதியில், நெருப்பை வைத்துத் தொழில் செய்பவர்களை எல்லாம் ஒரே இடத்தில் குடியமர்த்து என்கிறார். வீட்டுக்கு வீடு தண்ணீர்ப் பானையும் ஏணியும் கோடரியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். இன்னொரு சுவாரசியமான விதி: தீப்பிடித்தால் அணைக்க ஓடாத வீட்டுச் சொந்தக்காரருக்கு 12 பணம் அபராதம், வாடகைக்கு இருப்பவருக்கு 6 பணம். அதாவது, கட்டிடம் உன்னுடையது என்றால் பொறுப்பு இரண்டு மடங்கு. குடியிருப்பவனுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் பாதி. சொந்தக்காரர், வாடகைக்காரர் என்று ரிஸ்க்கைப் பங்குபோட்டுப் பார்த்த அந்த மூளையை என்னவென்று சொல்வது!

ஆனால் அபராதம் வேறு, நஷ்ட ஈடு வேறு. எரிந்த வீட்டை யார் திருப்பிக் கட்டித் தருவது? அதற்கு லண்டன் வரை போக வேண்டும்.

*

1666, செப்டம்பர் 2. ஞாயிற்றுக்கிழமை. விடிய இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் பேக்கரியில் தீ. கீழே அடுப்பு, மேலே குடும்பம். படிக்கட்டு வழியாக இறங்க முடியவில்லை. மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாவித் தப்பித்தார்கள். வேலைக்காரப் பெண் மட்டும் தாவப் பயந்து நின்றுவிட்டார். லண்டன் பெருந்தீயின் முதல் பலி அவர்தான்.

தீ பரவாமல் இருக்க வேண்டுமானால் பக்கத்து வீடுகளை இடிக்க வேண்டும். மேயர் தயங்கினார். ஏன்? அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவர்கள் வாடகைக்காரர்கள், சொந்தக்காரர்கள் எங்கே என்று தெரியவில்லை, அவர்களைக் கேட்காமல் இடித்தால் பணம் யார் கொடுப்பது என்ற பயம். அந்தத் தயக்கத்துக்கு லண்டன் கொடுத்த விலை: நான்கு நாள் தீ, சுமார் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள்.

இதைவிடப் பெரிய கொடுமை தீ அணைந்த பிறகு வந்தது. அன்றைய குத்தகைப் பத்திரங்களின்படி, கட்டிடத்தைப் பழுதுபார்த்து வைக்கும் பொறுப்பு பெரும்பாலும் வாடகைக்காரருடையது. கட்டிடமே இல்லாவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும்! சரக்கும் போச்சு, வீடும் போச்சு, ஆனால் பாக்கி மட்டும் எரியவில்லை. வழக்குகள் குவியும் என்று பயந்து பாராளுமன்றம் தனியாக ஒரு 'தீ நீதிமன்ற'த்தையே அமைத்தது. 1667-ல் விசாரணை தொடங்கியது. யாரால் முடியுமோ அவர் கட்டட்டும், அதற்கேற்ப வாடகையையும் குத்தகைக் காலத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நியாயமாகப் பேசித் தீர்த்துவைத்தார்கள். கூடவே ஒரு சட்டமும் வந்தது: இனி லண்டன் நகருக்குள் செங்கல் அல்லது கல் கட்டிடம்தான், மர வீடு கூடாது.

இந்தச் சாம்பலில்தான் நிக்கோலஸ் பார்பன் என்ற டாக்டருக்கு யோசனை உதித்தது. டாக்டர் என்றாலும் பார்த்த வேலை வீடு கட்டி விற்பது. 1680 வாக்கில் தீ காப்பீட்டு அலுவலகம் திறந்தார். ஆண்டு வாடகை மதிப்பில் செங்கல் வீட்டுக்கு இரண்டரை சதவிகிதம் பிரீமியம், மர வீட்டுக்கு ஐந்து சதவிகிதம். வீடு எதனால் கட்டப்பட்டது என்பதை வைத்துக் கணக்கு.

1696-ல் இன்னொரு கூட்டம் வேறு வழியில் கிளம்பியது. முதலாளி கிடையாது. பாலிசி எடுப்பவர்களே பங்காளிகள், ஒருவர் வீடு எரிந்தால் மற்ற எல்லோரும் சேர்ந்து கொடுப்பார்கள். 'ஹேண்ட் இன் ஹேண்ட்' என்று பெயர், கை குலுக்கும் இரண்டு கைகள் சின்னம். 1905 வரை தனி நிறுவனமாகவே இருந்தது. இந்தக் கைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

1710-ல் 'சன்' தீ காப்பீட்டு அலுவலகம் வந்தது. இங்கேதான் நம் கதையின் திருப்பம். கட்டிடம் செங்கல்லா, மரமா என்று கேட்டால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்று இந்தத் தொழில் புரிந்துகொண்டது. சாதாரணம், ஆபத்தானது, இருமடங்கு ஆபத்தானது என்று ரிஸ்க் மூன்றாகப் பிரிந்தது. துணி விற்பவர் ஒரு ரகம், ரொட்டி சுடுபவர் ஒரு ரகம். சன் அலுவலகத்துப் பழைய பேரேடுகளைப் புரட்டினால், பாலிசி எடுத்தவர் பெயர், அவர் தொழில், பல இடங்களில் அந்த வீட்டில் குடியிருப்பவரின் தொழில் எல்லாம் இருக்கின்றன. அந்தக்கால லண்டனில் யார் எந்தக் கடைக்கு மேலே குடியிருந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்று தேடுவது இந்தப் பேரேடுகளில்தான்.

*

அப்புறம் நம்பிக்கை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லாமல் விட்டால்?

1766-ல் லண்டனில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு தீர்ப்பு சொன்னார். சுமத்ரா தீவில் பென்கூலன் என்ற இடத்தில் ஆங்கிலேயக் கோட்டை ஒன்று. அதன் கவர்னர் கார்ட்டர், எதிரிகள் பிடித்துவிட்டால் நஷ்ட ஈடு வேண்டும் என்று லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தேவிட்டார்கள். "கோட்டை இவ்வளவு பலவீனம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே" என்றது இன்ஷூரன்ஸ் தரப்பு. இன்ஷூரன்ஸ் என்பது முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம், தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைக்கக் கூடாது என்று மான்ஸ்ஃபீல்ட் விதி வகுத்தார். ஆனால் வழக்கில் ஜெயித்தவர் கார்ட்டர்! எதிர்த்தரப்பே தெரிந்துகொண்டிருக்க முடிகிற விஷயத்தை, 'எனக்குச் சொல்லவில்லை' என்று பிறகு சாக்குச் சொல்லக் கூடாது என்பது தீர்ப்பின் மறுபாதி.

256 வருஷம் கழித்து, 2022 நவம்பரில், நம் உச்ச நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட இதே சண்டை. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் கடை ஒரு கட்டிடத்தின் பேஸ்மென்ட்டில் இருந்தது. 2012-ல் டாடா ஏஐஜி-யிடம் தீ பாலிசி எடுத்தார்கள். அதே வருஷம் தீப்பிடித்தது. பாலிசியின் உள்ளே ஓரிடத்தில் 'பேஸ்மென்ட்டுக்குப் பொருந்தாது' என்று இருக்கிறது, ஆகவே பணம் கிடையாது என்றது நிறுவனம். கடை பேஸ்மென்ட்டில் இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, பிரீமியமும் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்கும் ஒரு விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் தீ பிடித்தது 2012, தீர்ப்பு 2022. பத்து வருஷம்! கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேரால் பத்து வருஷம் தாக்குப்பிடிக்க முடியும்?

*

இந்தியாவுக்கு இந்தத் தொழில் கப்பலில்தான் வந்தது. 1850-ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஆரம்பித்த டிரைட்டன்தான் முதல் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனி. 1907-ல் பம்பாயில் இந்தியன் மெர்க்கன்டைல், 1919-ல் டாடா குடும்பத்தின் நியூ இந்தியா, 1938-ல் யுனைடெட் இந்தியா. 1972-ல் சட்டம் போட்டு, 107 கம்பெனிகளை நான்காக்கி அரசுடைமை ஆக்கினார்கள்.

தீ காப்பீட்டுக்கு நாடு முழுக்க ஒரே கட்டணப் புத்தகம் இருந்தது. வீடு, கடை, ஓட்டல் ஒரு பகுதி, தொழிற்சாலை ஒரு பகுதி, கிடங்கு ஒரு பகுதி. கன்னியாகுமரியானாலும் கான்பூரானாலும் அதே ரேட். 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு போனது, கம்பெனிகள் தாங்களே விலை வைக்கலாம் என்றானது. இன்னொரு மாற்றம் 2021 ஏப்ரல் 1. வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்றும், ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள கடைகள், சிறுதொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும் தனித்தனியாக எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டிய பொது பாலிசிகள் வந்தன.

கவனித்தீர்களா? சட்டத்துக்கு வீடு தனி, கடை தனி. நம் ஊருக்கு இரண்டும் ஒன்று. மின்சார வாரியம் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவிட்டது. கடைக்கு ஒரு மீட்டர், வீட்டுக்கு ஒரு மீட்டர். இன்ஷூரன்ஸிலும் நமக்கு வேண்டியது இந்த இரண்டு மீட்டர் புத்திதான்.

முதல் மீட்டர், கட்டிடம். இது சொந்தக்காரருடையது. பாலிசியில் அவர் சொல்ல வேண்டியது, "கீழே இன்ன கடை, மேலே குடியிருப்பு" என்று முழுசாக, எழுத்தில். 'வீடு' என்று மட்டும் எழுதிவிட்டு, கீழே டீக்கடை பேக்கரியாக மாறியதைச் சொல்லாமல் விட்டால் வம்பு. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த தீ பாலிசியில் தெளிவாகவே ஒரு நிபந்தனை உண்டு: ஆபத்து அதிகமாகும்படி உபயோகம் மாறினால், கம்பெனியின் சம்மதம் பெறாதவரை காப்பீடு நின்றுவிடும். ஷட்டரில் போர்டு மாறும்போதெல்லாம் பாலிசியும் மாற வேண்டும்.

இரண்டாவது மீட்டர், சரக்கு. இது கடைக்காரருடையது. கட்டிடச் சொந்தக்காரரின் பாலிசியில் கடைக்காரரின் அரிசி மூட்டைக்கு ஒரு பைசா வராது. அதே மாதிரி, கடைக்காரரின் பாலிசி மாடி வீட்டு பீரோவைக் காப்பாற்றாது. இன்னொன்று. கடைக்காரரின் அஜாக்கிரதையால்தான் தீ என்றால், வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருடைய இடத்தில் நின்று கடைக்காரரிடம் வசூலிக்க வரலாம். வீட்டு சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுகிற நல்லவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

வாடகை என்ன ஆகும்? லண்டன்காரர்கள் அழுத அழுகை நமக்கு வேண்டாம் என்று 1882-ம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டமே வழி செய்திருக்கிறது. தீயில் கட்டிடம் வாடகைக்கு லாயக்கில்லாமல் போனால், வாடகைக்காரர் விரும்பினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், தீக்கு அவரே காரணமாக இல்லாதவரை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது தனிக்கதை.

பி.காம். படித்தவர்களுக்கு 'ஃபயர் கிளெய்ம்' என்ற பாடம் ஞாபகம் இருக்கும். அதில் 'ஆவரேஜ் கிளாஸ்' என்று ஒன்று வந்து மார்க்கைக் குறைக்கும். வாழ்க்கையிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. திருப்பிக் கட்ட 40 லட்சம் ஆகும் கட்டிடத்தைப் பிரீமியம் மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்கு இன்ஷூர் செய்கிறீர்கள். 10 லட்ச ரூபாய்க்குச் சேதம். வருவது 10 இல்லை, 5 லட்சம். பாதிக்குத்தான் இன்ஷூர் செய்தாய், பாதியை நீயே தாங்கு என்பது தர்க்கம். புதிய வீட்டு பாலிசியில், விவரங்களைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்த வெட்டு கிடையாது. கடை பாலிசியில் 15 சதவிகிதம் வரை குறைந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் போனால் கணக்கு வாத்தியார் வந்துவிடுவார். மனையின் விலையைச் சேர்க்க வேண்டாம். மண் எரியாது.

திருட்டு? அதற்குத் தனி பாலிசி. அதிலும் பூட்டை உடைத்த அடையாளம் வேண்டும். பலப்பிரயோகம் இல்லாத திருட்டு, 'பர்க்ளரி' பாலிசியில் வராது என்று 2004-ல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்கு ஒரு கொசுறு. அந்தப் பழைய தீ பாலிசியில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தாலும் காப்பீடு நின்றுவிடும். அம்மா துபாய்க்கு மகன் வீட்டுக்கு மூன்று மாசம் போகிறார் என்றால், பூட்டுகிற அன்றே கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவது புத்திசாலித்தனம். உங்கள் பாலிசி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

லப்பைக்குடிக்காடு போன்ற ஊரில் இதையெல்லாம் சொன்னால், பெரியவர்கள் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். "தம்பி, இன்ஷூரன்ஸே கூடுமா?" வட்டி, நிச்சயமின்மை, சூதாட்டத் தன்மை மூன்றும் வணிக இன்ஷூரன்ஸில் இருக்கின்றன என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் ஆட்சேபம். ஒதுக்கித் தள்ளுகிற விஷயமில்லை இது. உலகமும் ஒதுக்கித் தள்ளவில்லை. 1979-ல் சூடானில் இதற்கென்றே ஒரு நிறுவனம் வந்தது. 1984-ல் மலேசியா 'தக்காஃபுல்' சட்டமே போட்டது. உறுப்பினர்கள் ஒரு பொதுநிதியில் போடுவார்கள், நஷ்டப்பட்டவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 1696-ல் லண்டனில் கை குலுக்கிய அந்த இரண்டு கைகள்தான்!

மலேசியாவைச் சொன்னதும் இன்னொன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் ஆள்கள், தமிழ் முஸ்லிம்கள் உட்பட, தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த கட்டிடங்களுக்கு அங்கே 'கடைவீடு' என்றே பெயர். 1822-ல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்திலேயே செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கடை முகப்பில் தொடர் நடைபாதை எல்லாம் உண்டு. மலேசியத் தமிழர்கள் அந்த நடைபாதையை 'அஞ்சடி' என்பார்கள். கடைக்கு மேலே வீடு இருப்பது தப்பில்லை. தீயை மனசில் வைத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கட்டாவிட்டால்? 2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹைதராபாத்தில் சார்மினாருக்குப் பக்கத்தில் குல்சார் ஹவுஸ். கீழே நகைக்கடை, மேலே குடும்பம். உள்ளே போக வர ஒரே குறுகலான வழி. குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்துபோனார்கள். புட்டிங் லேனில் 1666-ல் நடந்த அதே கதை. அங்கே தாவுவதற்காவது ஒரு ஜன்னல் இருந்தது.

எனவே, இரண்டு வேலை. பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து, 'உபயோகம்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கவாட்டு மாடிப்படிக்குப் போங்கள். கடைக்காரர் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார், பைக் நிறுத்தியிருப்பார். இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். கட்டிடத்துக்கும் சரக்கும் பணம் கொடுக்கத்தான் கம்பெனி இருக்கிறது. மேலே தூங்குகிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டுதான் இன்ஷூரன்ஸ்.